செருப்பு கடிப்பது தெரியாத கால்கள்



இந்த இதழில் செருப்பைப் பற்றி எழுதுகிறேன். டிரஸ்டின் செயலாளருக்குச் செருப்பைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். எழுத வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், குளிர்காலம் தொடங்கும் நேரத்தில், பெர்ன்ஹில்லிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள முதியவர்களுக்கு நம் டிரஸ்ட் மூலம் ஷூவும் சாக்ஸும் கொடுத்தோம். நல்ல எண்ணத்தில் செய்த காரியம்தான். வீடு வீடாக போன் செய்து "என்ன சைஸ்?" என்று கேட்டோம், பட்டியல் போட்டு மொத்தமாக வாங்கி வந்தோம். பட்டியல் போட்டவன் நான். யாருடைய காலையும் நாங்கள் பார்க்கவில்லை.

வாங்கிக்கொண்டவர்களில் ஒரு பெரியம்மா. அறுபது வயதைத் தாண்டியவர். பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. கல்யாணமான நாளிலிருந்து ஆறாம் நம்பர் செருப்புதான் போடுகிறார் என்பதால் "ஆறு" என்று சொன்னார். நாங்களும் ஆறாம் நம்பர் கொடுத்தோம். அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு ஒரு நிக்காஹ் விருந்துக்குக் குன்னூர் போய் வந்தார். இரவு வீட்டில் கழற்றும்போது சாக்ஸின் நுனி ஈரமாக இருந்தது. மழைத்தண்ணீர் என்று நினைத்து உலர்த்தப் போட்டுவிட்டார். சாக்ஸ் கறுப்பு நிறம். இரத்தம் என்று தெரியவில்லை. மறுநாளும் அதே ஷூவைப் போட்டார்.

பத்து நாள் கழித்து வாடை வருகிறதே என்று மகள்தான் கண்டுபிடித்தார். இரண்டு மாதம் மருத்துவம் பார்த்தும் சுண்டு விரலைக் காப்பாற்ற முடியவில்லை.

நான் பார்க்கப் போனேன். என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்: "நீங்க ஏன் தம்பி வருத்தப்படுறீங்க? நல்ல ஷூதான் வாங்கித் தந்தீங்க. ஒரு நாளும் கடிக்கவே இல்லையே!"

கடித்திருந்தது. அவருக்குத் தெரியவில்லை. மற்றவர்களுக்காவது பயன்படட்டும் என்று அவர் அனுமதி தந்ததால்தான் இதை எழுதுகிறேன். இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம்: கால் நரம்பு பாதிக்கப்பட்டவர், செருப்பு வசதியாக இருக்கிறதா என்று தன் காலிடம் கேட்கக் கூடாது. கண்ணாலும் கையாலும் அளவாலும்தான் முடிவு செய்ய வேண்டும்.

கால் ஏன் மரத்துப்போகிறது?

நம் உடலிலேயே நீளமான நரம்புகள் இடுப்பிலிருந்து பாதத்துக்குப் போகும் நரம்புகள். இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் அதிகமாகவே இருந்தால் நரம்புகள் மெல்ல மெல்லக் கெடுகின்றன. நீளமானவை முதலில் கெடும். அதனால்தான் விரல் நுனியில் தொடங்கி, சாக்ஸ் மாட்டியது போல மேலே ஏறி வருகிறது.

சர்க்கரை நோய் மட்டும் காரணமல்ல. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, சிறுநீரகக் கோளாறு, மதுப்பழக்கம், தொழுநோய், சில மருந்துகள் ஆகியவற்றாலும் வரலாம். சர்க்கரைக்காக மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு உண்டு. மருத்துவரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். ஆனால் நம் வீடுகளில் பெரும்பாலும் காரணம் சர்க்கரைதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் வெளியானது. அதன் கணக்குப்படி நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர்.

நரம்பு கெடும்போது மூன்று விதமான மாற்றங்கள் வருகின்றன. ஒன்று, உணர்வு மாறுகிறது. சிலருக்கு எரிச்சல், ஊசி குத்துவது போன்ற வலி, இரவில் போர்வை பட்டால்கூடத் தாங்க முடியாத வேதனை. சிலருக்கு மரத்துப்போகும், பஞ்சு மேல் நடப்பது போல இருக்கும். ஒரே காலில் இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். எரிகிறதே, அப்படியானால் உணர்வு இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். எரியும் காலில் முள் குத்தினால் தெரியாமல் போவது உண்டு.

இரண்டாவது, பாதத்தின் சிறு தசைகள் பலம் குறைந்து விரல்கள் நகம் போல மடங்குகின்றன. மடங்கிய விரலின் கணு ஷூவின் மேற்புறத்தில் உரசும். விரல்களுக்குக் கீழே உள்ள எலும்பு துருத்திக்கொண்டு தரையை அழுத்தும். மூன்றாவது, வியர்வை குறைந்து தோல் காய்ந்து வெடிக்கும். நம் ஊர்க் குளிர்காற்றும் சேர்ந்தால் பித்தவெடிப்பு இன்னும் ஆழமாகும். அதன் வழியாகக் கிருமி நுழையும்.

வேலூரில் கண்டறிந்த உண்மை

மரத்த காலுக்குச் செருப்பு செய்வதைப் பற்றி உலகம் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி நம் தமிழ்நாட்டில் தொடங்கியது. டாக்டர் பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனவர், அதன்பின் தொழுநோயாளிகளுக்காகவே உழைத்தார்.

தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி விரல்கள் உதிர்ந்துவிடும் என்றுதான் அப்போது பலரும் நம்பினார்கள். அவர் கூர்ந்து பார்த்தார். நோய் நரம்பைத்தான் கெடுக்கிறது. வலி தெரியாததால் நோயாளிகள் சூடான பாத்திரத்தைத் தொடுகிறார்கள், ஆணியை மிதிக்கிறார்கள், புண்ணோடு நடக்கிறார்கள். அதனால்தான் விரல்கள் போகின்றன என்று கண்டார். நமக்கு செருப்பு கடித்தால் நொண்டி நொண்டி நடந்து அந்த இடத்தைக் காப்பாற்றிக்கொள்கிறோம். அவர்களுக்கு அந்த நொண்டல் வருவதில்லை. ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான அடிகள் விழுகின்றன.

வலி என்பது எவ்வளவு பெரிய நிஃமத் என்று இங்கே புரிகிறது. பல் வலிக்கும்போது யாரும் அப்படி நினைப்பதில்லை!

வேலூரிலும் அருகே உள்ள கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் மரத்த கால்களுக்கான செருப்புகளைச் செய்து பார்த்தார்கள். சின்னச் சின்னக் காற்றறைகள் நிறைந்த மென்மையான மைக்ரோ செல்லுலார் ரப்பரை உள்ளே வைத்து, அடியில் முள் ஏறாத கெட்டியான சோல் போட்டார்கள். இன்று மருந்துக் கடைகளில் "எம்.சி.ஆர். செருப்பு" என்று விற்பது அந்த வழியில் வந்ததுதான். பால் பிராண்ட் 1966-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கும் இதே பாடம் பொருந்தும் என்று அங்கிருந்து எடுத்துச் சொன்னார்.

ஆகவே "சர்க்கரை இருந்தால் கால் அழுகத்தான் செய்யும்" என்று நம் வீடுகளில் பேசுவது சரியல்ல. பல புண்கள் ஒரு செருப்பிலிருந்தோ ஒரு கல்லிலிருந்தோ தொடங்குகின்றன. அந்தப் புண்களைத் தடுக்க முடியும்.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை

உங்கள் வீட்டுப் பெரியவர் காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்ளட்டும். நீங்கள் உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஒவ்வொன்றாக, இறகு படுவது போல மெதுவாக ஒன்றிரண்டு வினாடி தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவக் கூடாது. தொடுவது தெரிந்தால் வலதா இடதா என்று அவர் சொல்ல வேண்டும். இரண்டு காலிலும் சேர்த்து ஆறு விரல்கள். அதில் இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியாமல் போனால் உணர்வு குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊரின் மருத்துவர்கள் வகுத்த சோதனை இது. காசு செலவில்லை, ஒரு நிமிட வேலை.

இதில் தேறினாலும் சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது மருத்துவரிடம் காலைக் காட்ட வேண்டும். அவர்கள் நைலான் இழையால் தொட்டும், அதிரும் இசைக்கவையை வைத்தும் சரியாகச் சோதிப்பார்கள். காலில் நாடித்துடிப்பையும் பார்ப்பார்கள். இரத்த ஓட்டம் குறைந்த காலில் புண் ஆறுவது கடினம். கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, நின்றால் சரியாகிறது என்றால் அதை அவசியம் சொல்லுங்கள். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இரத்த ஓட்டம் இன்னும் கெடும்.

கடைக்குப் போகும் முன்

மாலையில் போங்கள். பகல் முழுவதும் நின்று நடந்த பின் கால் சற்று வீங்கியிருக்கும். காலையில் பொருந்திய ஷூ மாலையில் இறுக்கும்.

வீட்டிலேயே ஒரு வேலை செய்துகொள்ளுங்கள். தடிமனான காகிதத்தில் ஏறி நிற்கச் சொல்லி, பென்சிலை நேராகப் பிடித்து இரண்டு பாதத்தையும் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். உட்கார்ந்தபடி வரைந்தால் அளவு குறையும். நிற்கும்போதுதான் பாதம் விரியும். வயது ஏற ஏறப் பாதம் நீண்டு அகலமாகும். இரண்டு காலும் ஒரே அளவில் இருப்பதில்லை. பெரிய காலுக்குத்தான் செருப்பு வாங்க வேண்டும். அந்தப் பெரியம்மாவின் காலைப் பிறகு அளந்து பார்த்தோம். அவருக்கு ஆறு போதாது, எட்டு தேவைப்பட்டது.

எந்த சாக்ஸோடு போடப் போகிறீர்களோ அதையே கொண்டு போங்கள். நம் ஊரில் டிசம்பர், ஜனவரியில் கம்பளி சாக்ஸ் இல்லாமல் முடியாது. மெல்லிய சாக்ஸோடு வாங்கிய ஷூ, கம்பளி சாக்ஸ் போட்டால் ஒரு சைஸ் சின்னதாகிவிடும்.

கடையில் பார்க்க வேண்டியவை

வெட்டிய காகிதப் பாதத்தை ஷூவுக்குள் விட்டுப் பாருங்கள். ஓரம் மடங்கினாலோ சுருண்டாலோ அந்த ஷூ வேண்டாம்.

நீளம்: எழுந்து நின்றபடி, நீளமான விரலுக்கு முன்னால் 1 முதல் 2 சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு கட்டைவிரல் அகலம். சிலருக்குக் கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம். அதைக் கணக்கில் எடுங்கள்.

அகலம்: பாதத்தின் மிக அகலமான இடத்தில் ஷூ பிதுங்கக் கூடாது.

உயரம்: விரல்களுக்கு மேலே இடம் வேண்டும். முன்பக்கம் வட்டமாக, உயரமாக இருப்பது நல்லது. கூர்மையான முன்பகுதி வேண்டாம்.

உள்பக்கம்: கையை விட்டு முழுவதும் தடவிப் பாருங்கள். தையல் முடிச்சு, மடிப்பு, ஆணி முனை, பசைக் கட்டி எதுவும் இருக்கக் கூடாது. உங்களுக்குக் கை விரலும் மரத்திருந்தால், கூட வந்தவரைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சோல்: உள்ளே மெத்தென்று இருக்க வேண்டும், அடியில் கெட்டியாக இருக்க வேண்டும். இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளையலாம். நடுவில் துணி போல மடிந்தால் வேண்டாம். குதிகால் தாழ்வாகவும் அகலமாகவும் இருக்கட்டும்.

கட்டு: லேஸ், ஒட்டுப்பட்டை, பக்கிள் ஆகியவற்றில் ஒன்று இருக்க வேண்டும். கால் வீங்கினால் தளர்த்தவும், இறங்கும்போது இறுக்கவும் முடியும்.

கடைக்காரர் "போடப் போட லூசாகிடும்" என்று சொன்னால் வாங்காதீர்கள். அது லூசாகும் முன் உங்கள் தோல் கிழிந்துவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மரத்த காலுள்ளவர்கள் தாங்களாகத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் இறுக்கமான ஷூவைத்தான் எடுப்பார்கள். சரியான அளவு அவர்களுக்கு ஒன்றுமே போடாதது போலத் தெரியும். இறுக்கினால்தான் "பிடிப்பாக" இருக்கும். எரிச்சல் உள்ளவர்கள் இதற்கு நேர்மாறாக, எதுவும் மேலே படக் கூடாது என்று தொளதொளத்த செருப்பை எடுப்பார்கள். அது உள்ளே நழுவி உரசும். இருவருக்கும் காகித அளவுதான் பதில். எரிச்சல் உள்ளவர்கள் மேற்புறம் மென்மையான துணியாக இருப்பதையும், தையல் தடிப்பு இல்லாத சாக்ஸையும் தேடிப் பாருங்கள். சாக்ஸில் தையல் உறுத்தினால் உட்புறம் வெளியே வரும்படித் திருப்பிப் போடலாம். நிறம் வெள்ளையாக அல்லது வெளிர் நிறமாக இருக்கட்டும். ஒரு துளி இரத்தமோ சீழோ பட்டால் உடனே தெரியும்.

நம் மலைக்கு ஏற்ற மாதிரி

சமவெளியில் இருப்பவர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் நமக்கு உண்டு. பெர்ன்ஹில்லில் எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் இறக்கம் அல்லது ஏற்றம்தான். இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் பாதம் ஷூவுக்குள் முன்னால் சறுக்கி, விரல்கள் முன்பக்கம் போய் இடிக்கின்றன. பெரியம்மாவின் சுண்டு விரலுக்கு நடந்தது அதுதான். சமதரையில் பொருந்திய ஷூவும் இறக்கத்தில் பொருந்தாது. அதனால் பாதத்தின் மேல் இறுக்கிப் பிடிக்கும் கட்டு நமக்குக் கட்டாயம். கடைக்கு வெளியே சரிவு இருந்தால், கேட்டுக்கொண்டு நான்கடி இறங்கிப் பாருங்கள்.

ஹவாய் செருப்பு இங்கே மிக ஆபத்து. விரலிடுக்கில் வார் அறுக்கும். செருப்பு கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் எப்போதும் மடங்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும். மரத்த காலில் செருப்பு கழன்று போனதுகூடத் தெரியாமல் பத்தடி நடந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். அதற்குப் பதில் பின்வார் வைத்த செருப்பு அல்லது மூடிய ஷூ போடுங்கள்.

தேயிலைத் தோட்டத்திலும் காய்கறித் தோட்டத்திலும் வேலைக்குப் போகும் நம் சகோதரர்களும் சகோதரிகளும் கம்பூட் போடுகிறார்கள். பாம்பு, சேறு, முள்ளுக்கு அது பாதுகாப்பு. ஆனால் உள்ளே காற்று போகாது. வியர்வையில் கால் ஊறும். பூட் வாய் கெண்டைக்காலில் உரசும். அளவு பார்த்து வாங்கி, மெத்தென்ற உள் சோல் போட்டு, நீளமான சாக்ஸ் அணியுங்கள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் கழற்றிக் காலைத் துடைத்து, மாற்று சாக்ஸ் போடுங்கள்.

நனைந்த ஷூவை அடுப்பருகில் வைத்து உலர்த்த வேண்டாம். தோல் விறைத்து உள்பக்கம் கத்தி போலாகும். உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டி வைத்துக் காற்றில் உலர்த்துங்கள். முடிந்தால் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள்.

குளிருக்காகக் கரி அடுப்பு, ஹீட்டர், வெந்நீர்ப் பை இவற்றின் அருகே காலை நீட்டுவது நம் வீட்டுப் பழக்கம். மரத்த காலுக்கு இது கூடாது. சூடு தெரியாமல் வெந்துவிடும். கம்பளி சாக்ஸ் போட்டுப் போர்வைக்குள் இருந்தால் போதும்.

எந்தச் செருப்பு யாருக்கு?

உணர்வு குறைந்திருக்கிறது, ஆனால் பாதத்தின் வடிவம் மாறவில்லை, இதுவரை புண் வந்ததில்லை என்றால், மேலே சொன்னபடி பொருந்தும் நல்ல நடைப்பயிற்சி ஷூவோ, பின்வார் வைத்த எம்.சி.ஆர். செருப்போ போதும். விலை அதிகமானது நல்லது என்று எண்ண வேண்டாம், பொருத்தம்தான் முக்கியம். எம்.சி.ஆர். உள்சோல் நாளாக நாளாக அமுங்கிவிடும். விரலால் அழுத்தினால் திரும்ப எழும்பவில்லை என்றால், மேலே பார்க்கப் புதிதாக இருந்தாலும் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

விரல் மடங்கியவர்கள், விரல் எடுக்கப்பட்டவர்கள், முன்பு புண் வந்து ஆறியவர்கள் கடைச் செருப்பைத் தாங்களாக வாங்க வேண்டாம். அவர்களுக்குக் காலின் அச்சு எடுத்துச் செய்யும் செருப்பு தேவைப்படலாம். மருத்துவர் எழுதித் தந்தபடி செய்துகொள்ளுங்கள். காலில் திறந்த புண் இருப்பவருக்கு எந்தச் செருப்பும் மருந்தாகாது. அந்த இடத்தில் பாரம் விழாமல் செய்வதே சிகிச்சை. அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

புதிய ஷூவைப் பழக்குவது

முதல் நாள் வீட்டுக்குள் அரை மணி நேரம் மட்டும். கழற்றியதும் பாதம் முழுவதையும் பாருங்கள். எங்கேனும் சிவந்திருந்து, அரை மணி நேரம் கழித்தும் மறையவில்லை என்றால் அந்த ஷூ பொருந்தவில்லை என்று அர்த்தம். சிவப்பு இல்லை என்றால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுங்கள். புது ஷூவோடு கல்யாணத்துக்கோ பெருநாள் தொழுகைக்கோ பயணத்துக்கோ கிளம்பாதீர்கள். பெருநாளுக்கு வாங்குவதாக இருந்தால் ரமளான் தொடக்கத்திலேயே வாங்கிப் பழக்குங்கள்.

பழைய ஷூவாக இருந்தாலும் போடும் முன் ஒவ்வொரு முறையும் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுப் பாருங்கள். ஒரு சின்னக் கல் நாள் முழுவதும் உள்ளே கிடந்தாலும் மரத்த காலுக்குத் தெரியாது. பள்ளிக்கு வரும்போது செருப்பில் அசுத்தம் இருக்கிறதா என்று பார்க்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி அபூதாவூதில் வருகிறது. செருப்பைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. அந்தப் பார்வையை உள்பக்கத்துக்கும் கொண்டு போவோம்.

உளூவும் பள்ளிவாசலும்

நாளுக்கு ஐந்து முறை காலைக் கழுவுகிற நமக்கு, ஐந்து முறை காலைப் பார்க்கும் வாய்ப்பும் கிடைக்கிறது. விரலிடுக்கைக் கோதிக் கழுவும்போதே வெடிப்பு, கொப்புளம், நிறமாற்றம் இருக்கிறதா என்று பாருங்கள். அடிப்பாதம் தெரியவில்லை என்றால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள், அல்லது பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். கழுவிய பின் விரலிடுக்கை நன்றாகத் துடைக்க வேண்டும். ஈரத்தோடு சாக்ஸ் போட்டால் சேற்றுப்புண் வரும். பாதத்துக்கு எண்ணெயோ களிம்போ தடவலாம். விரலிடுக்கில் மட்டும் வேண்டாம். வெந்நீரில் உளூ செய்பவர்கள் காலை விடும் முன் முழங்கையால் சூட்டைப் பாருங்கள்.

உளூ செய்யும் இடத்துக்கும் கழிப்பறைக்கும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். தொழும் இடத்தில் சாக்ஸோடு தொழலாம். குளிர்ந்த கல் தரையில் அது நல்லதும்கூட. வழுக்காத சாக்ஸாக இருக்கட்டும். அத்தஹிய்யாத்தில் அமரும்போது கணுக்காலின் வெளிப்புற எலும்பும் மடித்த விரல்களும் தரையில் அழுந்தும். அந்த இடங்களில் காய்ப்பு அல்லது சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தடிமனான விரிப்பு உதவும். அங்கே புண் வந்தவர்கள் ஆறும்வரை நாற்காலியில் தொழலாமா என்று இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்தில் நம்மில் பலர் தோல் காலுறை அணிந்து மஸஹ் செய்கிறார்கள். ஊரில் இருப்பவருக்கு ஒரு பகல் ஓர் இரவு அந்தச் சலுகை உண்டு. ஆனால் காலுறையும் ஒரு ஷூதான். மேலே சொன்ன அளவுகள் அதற்கும் பொருந்தும். இறுக்கமான காலுறையை ஒரு நாள் முழுவதும் கழற்றாமல் இருப்பது மரத்த காலுக்கு ஆபத்து. மறுபடி உளூ செய்ய நேர்ந்தாலும் பரவாயில்லை. இரவில் கழற்றிக் காலைப் பார்த்துவிடுங்கள். புண்ணுக்குக் கட்டுப் போட்டிருப்பவர்கள், நனைக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னால், கட்டின் மீது மஸஹ் செய்யும் முறையை இமாமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மார்க்கம் இலகுவாக்கியிருப்பதை நாம் கடினமாக்கிக்கொள்ளத் தேவையில்லை.

ஹஜ், உம்ரா போகும் சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு சொல். அங்கே செருப்பைத் தொலைத்துவிட்டு வெயிலில் காய்ந்த தரையில் வெறுங்காலோடு நடந்து பாதம் வெந்துபோனவர்கள் உண்டு. செருப்பை வாசலில் விடாமல் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். மாற்றுச் செருப்பும் எடுத்துச் செல்லுங்கள். இஹ்ராமில் ஆண்கள் அணியும் செருப்புக்குத் தனிச் சட்டம் உண்டு. மூடிய ஷூ அவசியம் என்று மருத்துவர் சொன்னால், புறப்படும் முன்பே ஆலிம்களிடம் தெளிவு பெறுங்கள். அங்கே போய்த் தவிக்க வேண்டாம்.

எப்போது உடனே மருத்துவரிடம்?

கொப்புளம், வெட்டு, புண், சீழ், வாடை, கறுத்த இடம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே, தவறினால் மறுநாளே காட்டுங்கள். வலி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். வலி இல்லாததுதான் நோயே. ஒரு பாதம் மட்டும் சூடாகி, சிவந்து வீங்கினால், புண் இல்லாவிட்டாலும் அவசரம். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். நடக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கால் ஆணியையும் காய்ப்பையும் பிளேடால் சீவாதீர்கள். கால் ஆணிக்கு விற்கும் பிளாஸ்திரியில் தோலை அரிக்கும் மருந்து இருக்கிறது, அதையும் ஒட்டாதீர்கள். நகத்தை நேராக வெட்டுங்கள். ஓரத்தைக் குடைய வேண்டாம்.

ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காலைக் காட்டலாம். சர்க்கரை நோயாளிகளின் கால்களைக் காப்பதற்கென்றே தமிழக அரசு "பாதம் பாதுகாப்போம்" என்ற திட்டத்தை அறிவித்திருக்கிறது. அங்கே போகும்போது அதைப் பற்றிக் கேளுங்கள். 2021 முதல் நடக்கும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் சகோதரியிடமும் காலைப் பற்றிச் சொல்லலாம். மாத்திரையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடாமல், சாக்ஸைக் கழற்றிக் காட்டுங்கள்.

டிரஸ்டின் ஏற்பாடு

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நம் டிரஸ்ட் மொத்தமாக ஷூ வாங்கிக் கொடுப்பதை நிறுத்திவிட்டது. இப்போது யார் கேட்டாலும் முதலில் காகிதத்தில் பாதத்தை வரைகிறோம்; விரல் தொடும் சோதனை செய்கிறோம். பெண்களுக்குப் பெண் தன்னார்வலர்களே வீட்டுக்கு வந்து செய்வார்கள். உணர்வு குறைந்தவர்களை மருத்துவரிடம் அனுப்பி, அவர் சொல்லும் செருப்பை வாங்கிக் கொடுக்கிறோம். பத்துப் பேருக்குக் கொடுக்கும் செலவில் நான்கு பேருக்குத்தான் கொடுக்க முடிகிறது. ஆனால் அந்த நான்கு பேருக்கும் பொருந்துகிறது. ஜகாத், ஸதகா வழங்குகிறவர்கள் இதைப் புரிந்து ஆதரிக்க வேண்டுகிறேன்.

வெளியூரிலிருந்து அத்தாவுக்கும் அம்மாவுக்கும் ஷூ வாங்கி அனுப்பும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியைப் பிரித்ததும் அவர்கள் சந்தோஷத்தில் "ரொம்ப நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். உங்கள் மனம் நோகக் கூடாது என்று கடைசிவரை அப்படித்தான் சொல்வார்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, சாக்ஸைக் கழற்றி, பாதத்தை உங்கள் மடியில் எடுத்து வைத்துப் பாருங்கள். அளவு அதற்குப் பிறகு எடுக்கலாம்.

பெரியம்மா இப்போது எட்டாம் நம்பரில் ஒட்டுப்பட்டை வைத்த செருப்பு போடுகிறார். உள்ளே வெள்ளை சாக்ஸ். ஒவ்வொரு இரவும் பேத்தி கண்ணாடி பிடித்துக் காட்டுகிறாள். மற்ற ஒன்பது விரல்களும் நலம், அல்ஹம்துலில்லாஹ். நம் அனைவரின் கால்களையும், அவை நடந்து போகும் நல்ல காரியங்களையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்